பாடம் செய்தல்

தோலைப் பாடம் செய்வது என்கிறோம். செய்யுளைப் பாடம் செய்வது என்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்துபோனதை மொழியின் தற்செயல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. இரண்டிலும் ஏதோ ஒன்று அழுகிப் போகாமல் காக்கப்படுகிறது. காக்கப்படுவது மேல்தோல் மட்டும்தானா, உள்ளே இருந்ததும் சேர்த்தா என்ற சந்தேகமும் இரண்டிலும் உண்டு. சென்னைவாசிகள் ஒரு காலத்தில் எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்று அழைத்தார்கள். மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. பாமரத்தனம் என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் 1851-ல் ஏற்பட்ட அந்த மியூசியத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் அங்கேயே உயிருள்ள மிருகங்களையும் வைத்துக் காட்டினார் என்பதும், சென்னையின் மிருகக்காட்சிசாலை அங்கிருந்துதான் பிறந்தது என்பதும் தெரிந்தால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு காலேஜ்கள். உயிர் காலேஜில் படிக்க என்ன இருக்கிறது என்பதில் குழப்பமில்லை. செத்த காலேஜில் யார், எதைப் படிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

எனக்கு இது ஏட்டிலிருந்து வந்த கேள்வியல்ல. ஆம்பூரில் இருக்கும் என் தங்கை மகன், விலங்கியலில் பட்டம் வாங்கியவன், செத்த மிருகங்களைப் பாடம் செய்து நிறுத்தும் வேலையைக் கற்க வேண்டும் என்கிறான். எந்தப் பள்ளிக்குப் போகட்டும் மாமா என்று கேட்கிறான். ஊரைச் சுற்றிலும் தோல் ஷாப். தோலைப் படிக்க இவன் ஊரைவிட்டுப் போக வேண்டும். முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை அண்டிக் கிடக்கும் இந்த ஊர்களெல்லாம் 2019 வரை ஒரே வேலூர் மாவட்டம்; இப்போது மூன்று மாவட்டங்கள். தோலுக்கு அந்த எல்லையெல்லாம் இல்லை. உப்புப் போட்ட பச்சைத்தோல் மண்டியிலிருந்து வரும். ஊறவைப்பார்கள். சுண்ணாம்பிலும் சல்பைடிலும் போட்டு மயிரைக் கழற்றுவார்கள். உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சதையைச் சீவுவார்கள். பிறகு டிரம்மில் குரோம் உப்போடு உருட்டி நீலமாக வெளியே எடுப்பார்கள். முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்த வேலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைப் பரிசோதித்துக் காட்டினார், நாளடைவில் அது எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. உப்பு, ஊறல், சீவல், பதம் என்று இதில் பாதிக்கு மேல் பாடம் செய்கிறவனுக்கும் வேண்டிய வித்தைதான். ஒரே இடத்தில் பாதை பிரிகிறது. மயிர் கழல்வது தோல் ஷாப்பில் வேலை நடப்பதன் அடையாளம். பாடம் செய்கிறவனுக்கு அது சர்வநாசம்.

இந்தப் பிரிவு தொழில்நுணுக்கம் மட்டுமல்ல என்று எனக்குப் படுகிறது. பதனிட்ட தோலைச் சதுர அடியில் அளந்து விற்கிறார்கள். ஓடித் திரிந்த ஓர் ஆடு நாலைந்து சதுர அடியாகிறது. கனம் போய், திசை போய், முகம் போய், பரப்பு மட்டும் நிற்கிறது. தோல் தன் மிருகத்தை மறக்கும்படி செய்வதுதான் தோல் ஷாப்பின் கலை. மறந்தால்தான் அது செருப்பாக முடியும், கைப்பையாக முடியும். பாடம் செய்கிறவன் எதிர்த்திசையில் போகிறான். பரப்பை மீண்டும் உடம்பாக்கி, தோலுக்கு அதன் மிருகத்தை நினைவூட்டப் பார்க்கிறான். மறதிக்கும் ஒரு விலை உண்டு, அதை மறக்கிறவர்கள் கொடுப்பதில்லை. பாலாறு கொடுத்தது, 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கொள்கையை இந்நாட்டுச் சட்டமாக்கியது இந்த ஆற்றை வைத்துத்தான். 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் தோல் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். செருப்பில் அதற்கு ஒரு தழும்பும் கிடையாது.

என் தங்கையின் ஆட்சேபம் வேறு. "மூணு தலமுறையா தோல்லயே கெடந்தோம். அப்பா கையில சுண்ணாம்பு தின்ன புண்ணு ஆறுனதே இல்ல. இவன் படிச்சிட்டு மறுபடியும் தோலா?" இதை அறியாமை என்று சொல்லும் அருகதை யாருக்கும் இல்லை. எங்கள் தெருவுக்கு ஊர் வைத்திருந்த பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. செத்த மாட்டைத் தூக்குகிறவனைத் தீண்டாதவனாக்கிய ஊர்தான், அதே செத்த மிருகத்தைக் கண்ணாடிப் பெட்டியில் நிறுத்தியவனைக் கலைஞன் என்கிறது. தொட்ட பொருள் ஒன்று, செத்த உடம்பு ஒன்று. நடுவில் இருப்பது ஒரு பள்ளி, ஒரு சான்றிதழ், ஓர் ஆங்கிலப் பெயர். அப்படியானால் பள்ளி என்பது கற்றுத்தருகிற இடமா, கை கழுவிவிடுகிற இடமா? பையன் பள்ளி கேட்டபோது எதைக் கேட்டான் என்று எனக்கு நிச்சயமில்லை. வித்தையில் பாதி அவன் தாத்தாவின் கையில் இருந்தது. மீதிப் பாதிக்காக மட்டுமா அவன் போகிறான்?

1826-ல் எடின்பரோவில் ஒரு மருத்துவ மாணவன் பறவைகளைப் பாடம் செய்யக் கற்க விரும்பினான். அவன் தேர்ந்த பள்ளி அருகில் இருந்த ஒரு கறுப்பு மனிதர். தென்னமெரிக்காவின் டெமராராவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஜான் எட்மன்ஸ்டன். இரண்டு மாதம், தினம் ஒரு மணி நேரம், மொத்தம் ஒரு கினி. வேறெந்தச் சிறப்பும் இல்லாவிட்டாலும் மலிவு என்ற சிறப்பு உண்டு என்று அந்த மாணவன் வீட்டுக்கு எழுதினான். மாணவன் சார்லஸ் டார்வின். பின்னால் பீகிள் கப்பலிலிருந்து அவர் அனுப்பிய பறவைத் தோல்களின் பின்னால் அந்த ஒரு கினிப் பள்ளி இருக்கிறது. வயதான காலத்தில் எழுதிய சுயசரிதையில் அவரைப் புத்திசாலி, இனியவர், அடிக்கடி அவரோடு உட்கார்ந்திருப்பேன் என்று டார்வின் நினைவுகூர்கிறார், பெயரைச் சொல்லவில்லை. எட்மன்ஸ்டனுக்குக் கற்றுத்தந்தவர் சார்லஸ் வாட்டர்டன். குரங்கின் தோலை மனித முகம்போல் திரித்து, இனம் தெரியாத ஜந்து என்று காட்டி லண்டனை ஏமாற்றிய குறும்பர். வாட்டர்டனுக்குப் பெயர் நின்றது, டார்வினுக்கு நின்றது, நடுவில் கை நின்ற இடத்தில் பெயர் இல்லை. குரு பரம்பரைகளைப் பற்றி நாம் உருகி எழுதும்போது இதையும் ஓரமாக வைத்துக்கொள்ளலாம்.

நமக்கு அருகில் இருந்த பெரிய பள்ளி மைசூர். 1900 வாக்கில் யூஜின் வான் இங்கன் தொடங்கிய கம்பெனி. சமஸ்தான ராஜாக்களும் வெள்ளைக்காரத் துரைகளும் சுட்டுத்தள்ளிய புலிகளும் சிறுத்தைகளும் நாற்பதாயிரத்துக்கு மேல் அதன் வழியாகப் போயின என்று சொல்லப்படுகிறது. அது பள்ளி என்று பலகை மாட்டவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் அங்கே வேலை செய்தே கற்றார்கள். புலியின் வாயைத் திறந்து பல் தெரிய, நாக்கு சுருண்டு, இப்போதே பாய்ந்துவிடும் என்பதுபோல நிறுத்துவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அந்த உறுமலைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். பெரும்பாலான புலிகள் உறுமிக்கொண்டு சாகவில்லை. பரண்மேல் இருந்த துப்பாக்கிக்குக் கீழே, கட்டிப்போட்ட எருமைக்கன்றைத் தின்ன வந்து செத்தவை. சுட்டவனுடைய பயத்தை, அந்தப் பயத்தை வென்றதாக அவன் நம்ப விரும்பிய வீரத்தை, செத்த புலியின் முகத்தில் வரைந்து தந்தது கம்பெனி. வாடிக்கையாளனின் பாவனை மிருகத்தின் தோலில். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பாடம் செய்யும் தொழிலுக்கே லைசென்ஸ் வேண்டும் என்றது, வேட்டையும் முடிந்தது. கம்பெனி தொண்ணூறுகளின் இறுதியில் மூடியது. சகோதரர்களில் கடைசியாக எஞ்சிய ஜூபர்ட் வான் இங்கன் நூறு வயதைக் கடந்து 2013-ல் இறந்தார்.

அமெரிக்காவில் இதைத் தபாலில் கற்றுக்கொடுத்தார்கள். நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் ஒரு பள்ளி, பாடப் புத்தகங்களைத் தவணையில் அனுப்பும். ஆயிரக்கணக்கான பையன்கள் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து அணிலைப் பாடம் செய்தார்கள். இதைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை.

கார்ல் ஏக்லியைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைப்பதுதான் வித்தை என்றிருந்ததை அவர் கலைத்தார். மிருகத்தின் எலும்பையும் தசையையும் அளந்து, களிமண்ணில் உடம்பைச் சமைத்து, அதிலிருந்து அச்செடுத்து, அச்சில் வார்த்த உள்ளீடற்ற இலேசான வடிவத்தின்மேல் தோலைப் போர்த்தினார். உருவம், உள்ளடக்கம் என்று ஒரு தலைமுறைக் காலம் மல்லுக்கு நின்றோமே, நம்மில் எவரும் ஒரு தோலைப் போர்த்திப் பார்த்ததில்லை. திணித்தால் தோல் பிதுங்கும். உள்ளே இருப்பது தோலின் வழியாகவே தெரிய வேண்டும் என்றால் உள்ளே ஒன்றுமே திணிக்கக்கூடாது. உடம்பின் கோடு மட்டும் சரியாக இருக்க வேண்டும். இது இருக்கட்டும். அதே ஏக்லி 1921-ல் நியூயார்க் மியூசியத்துக்காகக் காங்கோவில் கொரில்லாக்களைச் சுட்டார். சுட்டவரே பிறகு அவற்றுக்குக் காப்பிடம் வேண்டும் என்று பெல்ஜிய அரசரிடம் வாதாடினார். 1925-ல் ஆல்பர்ட் தேசியப் பூங்கா பிறந்தது. அடுத்த வருஷம் அந்த மலைச்சரிவிலேயே ஏக்லி இறந்தார். அவரை மன்னிக்கலாமா என்று கேட்பது அசட்டுத்தனம். ஆனால் பார்ப்பதற்காகக் கொல்லும் பள்ளியில் படித்தவன், பார்த்ததன் விளைவாகக் கொல்ல முடியாதவனாகவும் ஆகலாம் என்பதற்கு அந்த வாழ்க்கை சாட்சி.

இத்தனைக்கும் முன்பே நம்மிடம் ஒரு பள்ளி இருந்தது. கன்று செத்துப்போனால் பசு பால் சுரக்காது. கன்றின் தோலை உரித்து வைக்கோல் அடைத்துக் கொம்பில் கட்டிப் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். தோற்கன்று. பசு நக்கும், பால் இறங்கும். என் சிறுவயதில் எங்கள் பக்கத்தில் சாதாரணமாகப் பார்த்தது. கண் இருக்காது, காது தொங்கும், கால்கள் கட்டைகள். பார்க்கிறவனுக்குச் சகிக்காது. ஆனால் அது பார்க்கிறவனுக்காகச் செய்யப்பட்டதல்ல. பசுவின் மூக்குக்காகச் செய்யப்பட்டது. பதனிட்டால் மணம் போய்விடும், பயன்படாது. ஆகவே அது அழுகும். அழுகுவதற்குள் பால் வற்றிவிட்டால் கணக்கு சரி. ஏமாற்று என்பதில் சந்தேகமில்லை, அதுவும் ஒரு தாயை. ஆனாலும் பசுவுக்குத் தெரியும், தெரிந்துதான் கொடுக்கிறது என்று சொன்ன கிழவிகளும் இருந்தார்கள். அதை நான் நம்பவில்லை. மனிதன் தன் குற்றத்தை இலகுவாக்கிக்கொள்ளச் சொல்வது. ஆனால் எழும்பூர் புலிக்கும் தோற்கன்றுக்கும் நடுவில் ஓர் உண்மை வித்தியாசம் இருக்கிறது. தோற்கன்றைச் செய்தவனுக்கு அது எந்தக் கன்று, என்றைக்குச் செத்தது, எதனால் செத்தது, யாரை ஏமாற்றுகிறோம், எத்தனை படி பாலுக்காக என்பதெல்லாம் தெரியும். மறைக்க அவனுக்கு வழியே இல்லை, பசு எதிரில் நிற்கிறது.

மருமகனுக்கு நான் சொன்னது இந்த இடத்திலிருந்துதான். மும்பையில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2009-லிருந்து வனத்துறை சார்ந்த ஒரு நிலையம் இருக்கிறது. அதை நடத்தத் தொடங்கிய சந்தோஷ் கெய்க்வாட் மும்பைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு பேராசிரியர். பாடம் செய்வதை எந்தப் பள்ளியிலும் படிக்காமல் தானே முயன்று கற்றவர். சுட்டவை அங்கே வருவதில்லை. கூண்டிலோ காட்டிலோ தானாகச் செத்தவை, அனுமதித் தாளோடு வருகின்றன. புலி வாயை மூடிக்கொண்டும் நிற்கலாம். அங்கே இடம் கிடைத்தால் போ என்றேன். கிடைக்காவிட்டால் எந்தக் கால்நடை ஆஸ்பத்திரியிலாவது பிணப் பரிசோதனை மேஜை அருகே ஆறு மாதம் நின்று பார், மிருகம் எதனால் சாகிறது என்று முதலில் தெரியட்டும் என்றேன். எந்தப் பள்ளியானாலும் கட்டணம் கட்டும் முன், தோல் எங்கிருந்து வருகிறது, செய்து முடித்தது யார் கண்ணுக்குப் போகிறது என்று இரண்டு கேள்வி கேள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் வித்தை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் உனக்கு வேண்டாம்.

தங்கையிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்டாள்: "அங்க படிச்சிட்டு வந்தா ஊர்ல என்னன்னு கூப்பிடுவான்?" பட்டறையில் இருக்கும்போது கலைஞன் என்பான், தெருவுக்குத் திரும்பினால் பழைய பெயரைத்தான் சொல்வான் என்று எனக்குத் தோன்றியதைச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாததல்ல. பையன் போராக்ஸ் வாங்கி வைத்திருக்கிறான். கறிக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு சேவலின் தோல், இறகோடு, பின்கட்டில் நிழலில் காய்கிறது. தாத்தா சதை சீவிய வளைகத்தி பரணில் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறான். அவள் இன்னும் எடுத்துக் கொடுக்கவில்லை.