தேய்மானம்

திருவண்ணாமலையில் மார்ச் பிறந்துவிட்டால் வெளிநாட்டவர்கள் ஊருக்குக் கிளம்பத் தொடங்குவார்கள். கார்த்திகை தீபத்தையொட்டி வந்து, பனிக்காலம் முழுக்கச் செங்கம் சாலையிலும் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலும் தங்கியிருந்தவர்கள், வெயில் ஏறியதும் கையில் இருப்பதை விற்றுவிட்டுப் போவார்கள். சைக்கிள், மெத்தை, மிக்சி, டேபிள் ஃபேன். டீக்கடைச் சுவர்களில் கையால் எழுதிய தாள்கள் ஒட்டியிருக்கும். அப்படி ஒரு தாளைப் பார்த்துத்தான் நான் ஒரு பழைய எலக்ட்ரிக் கிதார் வாங்கினேன். பன்னிரண்டாயிரம் ரூபாய்.

முகப்பில் சிவப்புச் சாயம் பாதி போயிருந்தது. வலது முன்கை சாய்கிற மேல்விளிம்பில் மரமே தெரிந்தது. நான் சிறுவயதில் வீணை கற்றவள். அதனால் என் கண் முதலில் போனது மெட்டுகளுக்கு. கிதாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகக் கம்பிகளைத்தான் சொல்கிறேன். முதல் நான்கைந்து கம்பிகளில் தந்திகள் அழுந்தி அழுந்திச் சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருந்தன. உடம்பை நோக்கி வர வரக் கம்பிகள் புதிதுபோல மின்னின. வாசித்தவர் மேல் ஸ்தாயியில் விரல் வேகம் காட்டியவர் அல்ல, யாருடைய பாட்டுக்கோ துணையாகக் கார்டுகளை மீட்டிக்கொண்டிருந்தவர் என்று தோன்றியது.

விற்றவர் எழுபதை நெருங்கும் பெண். கணுக்கால் வரை தொளதொளவென்று ஒரு பருத்தி அங்கி. நான் கேட்ட முதல் கேள்வி, ‘உங்கள் கணவருடையதா?’

‘என்னுடையது. முப்பது வருடமாக’ என்றார். கோபப்படவில்லை. இந்தக் கேள்வி அவருக்குப் பழகியிருக்க வேண்டும். வகுப்பில் பிரதிக்குள் பெண் எங்கே மறைக்கப்படுகிறாள் என்று மாணவிகளுக்குக் காட்டிக்கொண்டிருக்கிற நான், கண்ணுக்கு எதிரே கிதாரோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் கிதாரைப் புதுச்சேரியில் ஒரு பழுதுபார்ப்பவரிடம் எடுத்துப் போனேன். அவர் அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘பின்னாடி ஒரு கீறல்கூட இல்ல மேடம். ரொம்ப வாசிக்காத பீஸ். முன்னாடி பெயிண்ட் போனது வெயில்ல வச்சதால இருக்கும்.’ நான் மெட்டுக் குழிகளைக் காட்டினேன். அவர் குழம்பிப்போனார்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. நின்றுகொண்டு வாசிப்பவரின் பெல்ட் கொக்கி உரசி உரசிக் கிதாரின் பின்பக்கம் கீறலாகும். பழைய கிதார் வாங்குபவர்கள் அந்தக் கீறலைப் பார்த்தே அது எவ்வளவு வாசிக்கப்பட்டது என்று கணிப்பார்கள். அங்கி போட்டவளுக்குக் கொக்கி ஏது? முப்பது வருட வாசிப்பும் அந்த அளவுகோலுக்குள் வரவில்லை. அவர் நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட அடையாளங்களில் வாசிப்பவனின் இடுப்பில் ஒரு பெல்ட் இருந்தது, அவ்வளவுதான். நான் புடவையோடு இன்னும் முப்பது வருடம் வாசித்தாலும் அது ‘ரொம்ப வாசிக்காத பீஸ்’ ஆகத்தான் இருக்கும்.

தேய்ந்த கிதாருக்கு உலகத்தில் மதிப்பு இல்லாமல் இல்லை. ஐரிஷ் கலைஞர் ரோரி கேலகர் 1961இல் தயாரான ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டரை 1963இல் கார்க் நகரில் பழையதாகத்தான் வாங்கினார். சுமார் நூறு பவுண்டு. 1995இல் இறக்கும்வரை அதை விடவில்லை. சாயம் பெரும்பாலும் உரிந்து வெறும் மரமாகிவிட்ட அந்தக் கிதார் 2024 அக்டோபரில் லண்டனில் ஏலம் போனபோது, கட்டணங்கள் சேர்த்து எட்டு லட்சத்து எண்பதாயிரம் பவுண்டுக்கு மேல் விலை வந்தது. நம் கணக்கில் ஒன்பது கோடி ரூபாய்க்கும் அதிகம். அது அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த மோகத்தை வியாபாரமாக்கவும் ஆள் உண்டு. 1990களின் நடுவிலிருந்து ஃபெண்டர் நிறுவனம் புதுக் கிதாரையே சுரண்டி, மங்கவைத்து, உலோகத்தைக் கறுக்கவைத்து, பழசுபோலச் செய்து கூடுதல் விலைக்கு விற்கிறது. யாருமே வாசிக்காத தேய்மானம்.

என் வீணையின் கதை வேறு. பதினொரு வருடம் சாதகம் செய்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒருமுறை வாசித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அது அம்மா வீட்டு அலமாரி மேல் ஏறிவிட்டது. யாரும் தடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பல வருடம் கழித்து விற்றோம். வாங்க வந்தவர் இருபத்துநான்கு மெட்டுகளிலும் நகத்தை ஓட்டிப் பார்த்தார். ‘தடம் விழுந்திருக்கு. மெழுகெடுத்துப் புதுசா மேளம் கட்டணும்’ என்று சொல்லி விலையில் ஒரு தொகையைக் கழித்தார். கழிக்கப்பட்டது என் பதினொரு வருடம் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. நகைக்கடைக் கணக்குக்குப் பழகிய மனது அல்லவா? புது நகை வாங்கினால் சேதாரம் என்று கூட்டுவார்கள், பழசை விற்றால் தேய்மானம் என்று கழிப்பார்கள். இரண்டையும் பேசாமல் ஒப்புக்கொள்ளப் பழகியிருக்கிறோம்.

இந்தக் கழிவுக் கணக்கு பொருளோடு நிற்பதில்லை. கணவனைப் பிரிந்து வந்தவளை ‘வாழாவெட்டி’ என்கிறது நம் மொழி. அவளுக்கே மறுமணப் பேச்சு வந்தால், ‘ஏற்கெனவே ஒருத்தனோட வாழ்ந்தவ’ என்பார்கள். வாழாததற்கு ஒரு கழிவு, வாழ்ந்ததற்கு இன்னொரு கழிவு. ஆணின் பழைய வாழ்க்கை வேறு தலைப்பில் பதிவாகும். எங்கள் ஊர்க் கோயிலில் கம்பத்து இளையனார் சன்னிதியைக் கடக்கும்போதெல்லாம் அருணகிரிநாதர் கதை நினைவுக்கு வரும். இளமையைக் கண்டபடி செலவழித்தவர், கோபுரத்திலிருந்து குதித்தவர், முருகன் தாங்கினான், பாடினார். வரலாறு எப்படியோ, கதை அப்படித்தான் சொல்கிறது. சீரழிந்த அந்த இளமைதான் பாட்டுக்கு ஆழம் தந்தது என்று உருகிக் கேட்கிறோம். அதே கதையில் தாயில்லாத அவரை வளர்த்த அக்கா இருக்கிறாள். வீட்டில் இருந்ததையெல்லாம் தம்பிக்குக் கொடுத்துத் தீர்ந்துபோனவள். அவளுக்கு என்ன ஆனது என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

நம்மிடம் பெண்ணின் தேய்மானத்துக்குப் புகழ்ச்சியே இல்லையா என்றால், உண்டு. அம்மாவுக்கு மட்டும். ‘சந்தனமாகத் தேய்ந்தாள்’ என்று எத்தனை அஞ்சலிக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். எழுதித்தரச் சொன்னபோது நானே எழுதியும் கொடுத்திருக்கிறேன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சந்தனக் கட்டை தன்னை எந்தக் கல்லில் இழைப்பது என்று முடிவு செய்வதில்லை. வாசம் யார் நெற்றிக்கோ போகிறது. உயிரோடு இருந்தபோது அந்த அம்மாவின் முழங்காலுக்கு மருத்துவம் பார்க்கத் தள்ளித் தள்ளிப் போட்டவர்கள்தான் மேடையில் இதைச் சொல்கிறார்கள். பழையதுபோலச் செய்யப்பட்ட கிதாரை நினைத்துக்கொள்கிறேன். பார்ப்பவருக்கு இன்பம் தரும் தேய்மானம் அதுவும்தான்.

அப்படியானால் தேய்வதில் எது மதிக்கத்தக்கது? கேலகரின் கிதாரைப் பார்த்து உருகுவது போலித்தனமா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அங்கே தேய்ந்தது பொருள். தேய்த்தவன் தான் விரும்பிய வேலையைச் செய்தான், பெயரோடு செய்தான். பெண்களிடம் வரும்போது நாம் தேய்த்தவளைத் தேய்ந்த பொருளாக மாற்றிவிடுகிறோம். கையைக் கம்பியாக்கிவிட்டு, குழி எவ்வளவு ஆழம் என்று நகத்தால் பார்க்கிறோம். இந்த இடமாற்றம்தான் அநீதி என்று எனக்குப் படுகிறது. தேய்மானம் அழகா அவமானமா என்கிற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

எலிசபெத் காட்டன் என்ற கறுப்பினப் பெண்ணை மாணவிகளுக்கு அடிக்கடி சொல்வேன். 1890களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்தவர். அண்ணன் வேலைக்குப் போன நேரத்தில் அவருடைய பாஞ்சோவை எடுத்து ரகசியமாக வாசித்துப் பழகினார். இடதுகைக்காரர் என்பதால் வாத்தியத்தைத் தலைகீழாகப் பிடித்தார். தந்தியை மாற்றிக் கட்டவில்லை, கையை மாற்றிக்கொண்டார். அந்த மீட்டு முறைக்கே இன்று அவர் பெயர்தான். சிறுமியாக இருந்தபோதே வீட்டுவேலை செய்து சேர்த்த காசில் 3 டாலர் 75 சென்ட்டுக்கு ஒரு கிதார் வாங்கினார். பிறகு கல்யாணம், குழந்தை, உலகப் பாட்டெல்லாம் வேண்டாம் என்ற தேவாலயம். பல பத்தாண்டுகள் கிதாரைத் தொடவில்லை. வயதான பின் இசைக் குடும்பமான சீகர்கள் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தபோது, சுவரில் மாட்டியிருந்த அவர்களுடைய கிதாரை எடுத்து மறுபடி வாசித்தார். 1958இல் முதல் இசைத்தட்டு வந்தது. தொண்ணூறு வயதுக்கு மேல் கிராமி விருது வாங்கினார்.

மாணவிகள் கைதட்டுவார்கள். நான் எப்போதும் அந்த நடுவாண்டுகளிலேயே நின்றுவிடுவேன். பிறர் வீட்டுத் தரையில், பிறர் வீட்டுத் துணியில் அந்த விரல்கள் தேய்ந்துகொண்டுதான் இருந்தன. அந்தத் தேய்மானத்துக்கு அருங்காட்சியகம் இல்லை.

புதுச்சேரிக்காரர் கடைசியில் ஒரு முடிவு கேட்டார். இருபத்திரண்டு கம்பிகளையும் பிடுங்கிவிட்டுப் புதிது போடலாம். அல்லது ராவி மட்டப்படுத்திப் பார்க்கலாம், ஆனால் குழி ஆழம், சில இடத்தில் தந்தி இரைச்சல் போடும். எனக்கு அந்தக் குழிகளை விட மனமில்லை. அவள் விரல் நின்ற இடத்தில் என் விரல் நிற்கும் என்று மனசுக்குள் ஒரு கவிதையே ஓடியது. இரண்டு நாள் அப்படியே வாசித்தும் பார்த்தேன். இரைந்தது. விரல் வலித்தது. அவரே இங்கே இருந்திருந்தால் என்றோ மாற்றியிருப்பார், வாசிக்கிறவர் அல்லவா?

மாற்றச் சொன்னேன். சாயத்தைத் தொட வேண்டாம் என்றேன். ‘ஒரிஜினல் லுக் போயிடும்னு பயப்படாதீங்க மேடம்’ என்று தொடங்கியவர், என்னவோ தோன்றி நிறுத்திக்கொண்டார். கழற்றிய கம்பிகளை ஒரு செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார்.

இப்போது இரவில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கிறேன். வலது கையின் இரண்டு வளையல்கள் முகப்பில் இடிக்கின்றன. கழற்றி வைக்கலாம், சில நாள் மறந்துவிடுகிறது. சாயம் மிஞ்சியிருந்த ஓரத்தில், அவருடைய முன்கைத் தடத்துக்குச் சற்றுக் கீழே, புதிதாகக் கீறல் விழத் தொடங்கியிருக்கிறது.