பழைய கீதமும் புதிய சுரமும்

நத்தார்க் கீதங்களை ஜாஸ் இசைச் சாயலில் பாடகர் குழுவுக்கென மாற்றியமைத்தல் பக்திக்கு இழுக்காகுமா? தூய்மை குன்றும் என்பார் கூற்றுக்கு வரலாறு துணைநிற்கவில்லை. ‘ஹார்க் த ஹெரால்ட்’ கீதத்தின் மூலச் சொற்கள் சாள்ஸ் வெஸ்லி 1739இல் வெளியிட்டவை. பின்னர் பிறரால் திருத்தப்பட்டன. அதன் மெட்டோ அச்சுக்கலை விழாவொன்றுக்கென மெண்டல்சன் 1840இல் அமைத்தது. சமயச் சொற்கள் அதற்குப் பொருந்தா என்றே அவர் கருதினார். 1855இல் கமிங்ஸ் இரண்டையும் இணைத்தார். நம்மவரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் பெத்லகேமைக் குறவஞ்சியிலே பாடினாரல்லவா? ஜாஸின் வேர்களுள்ளும் அடிமைப்பட்ட கறுப்பின மக்களின் வழிபாட்டுப் பாடல்கள் உள.

உண்மையான இடர் வேறிடத்தே உளது. ஏழாம், ஒன்பதாம் சுரங்கள் செறிந்த இணைவுகளையும், எதிர்பாராத இடத்தில் விழும் தாள அழுத்தங்களையும் பயின்றோரே பாட வல்லர். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தபின் இங்கு வேரூன்றிய மேலைக் கீதங்களைச் சாவகச்சேரித் தேவாலயத்திலே பாட்டியும் பேரனும் ஒருங்கே பாடுவர். மாற்றியமைத்தபின் அவை குழுவின் உடைமையாகின்றன. சபைக்குச் செவி மட்டுமே எஞ்சுகிறது. அழகின் பொருட்டு ஒருவர் வாயை அடைக்கலாமோ? ஒரு சரணத்தையேனும் பழைய மெட்டிலே சபையிடம் விட்டுவிடும் இசையமைப்பாளனையே யான் மதிப்பேன். அவனுக்குக் கரவொலி சற்றுக் குறையக்கூடும்.