அவல் முடிச்சும் சிலம்போசையும்

(நைனார்பாளையம் தொடர் சொற்பொழிவு, இரண்டாம் நாள்)

நேற்று குசேலரைத் துவாரகை வாசலோடு விட்டுவிட்டுப் போய்விட்டேன். பாவம், இன்றைக்காவது உள்ளே அழைத்துப் போவோம்.

ருக்மிணியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த கண்ணன் தூரத்திலேயே பார்த்துவிட்டான். எழுந்து ஓடி வருகிறான். கட்டிக்கொள்கிறான். கண் கலங்குகிறது. காலைக் கழுவி அந்தத் தீர்த்தத்தைத் தன் தலையில் தெளித்துக்கொள்கிறான். ருக்மிணி சாமரம் வீசுகிறாள். இதெல்லாம் நீங்கள் கேட்டதுதான், காலண்டர் படத்தில் பார்த்ததுதான். அடுத்து நடப்பதைத்தான் அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். பாகவதம் பத்தாவது ஸ்கந்தம், 80ஆவது அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பேசுகிறார்கள். பகவான் வேதாந்தமா பேசினான்? ‘குருகுலம் முடிந்து போனாயே, கல்யாணம் ஆயிற்றா? உனக்கேற்ற பெண் கிடைத்தாளா?’ என்று விசாரிக்கிறான். காலேஜ் சிநேகிதர்கள் பல வருஷம் கழித்துப் பார்த்தால் கேட்கிற அதே கேள்வி!

அப்புறம் விறகுக் கதை. சாந்தீபனி முனிவரின் மனைவி ஒருநாள் இவர்களை விறகு கொண்டுவர அனுப்பினாள். காட்டுக்குள் போன பிறகு காலம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. காற்று, இடி. பொழுதும் சாய்ந்துவிட்டது. எங்கும் தண்ணீர், மேடு எது, பள்ளம் எது, தெரியவில்லை. கல்வராயன் மலையில் கொட்டினால் கோமுகி ஆறு எப்படிப் புரண்டு வரும் என்று பார்த்த உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். இரண்டு பையன்களும் கையைக் கோத்துக்கொண்டு, விறகுச் சுமையோடு ராத்திரி முழுக்க அலைந்தார்கள். விடிந்ததும் குருவே தேடிக்கொண்டு வந்து ஆசீர்வாதம் பண்ணினார். துவாரகைக்கு ராஜா ஆன பிறகும் இந்த ஒரு ராத்திரி அவனுக்கு மறக்கவில்லை. ‘ஞாபகம் இருக்கிறதா உனக்கு?’ என்று கேட்டுச் சொல்கிறான். எல்லாம் அறிந்தவனுக்கு ஞாபகப்படுத்திக்கொள்ள என்ன இருக்கிறது? சிநேகிதனோடு சேர்ந்து நினைப்பதில் ஒரு ருசி இருக்கிறது. அதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் சிரிக்கிறீர்கள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் காலேஜுக்குப் போவதென்றால் சின்னசேலம் ஸ்டேஷனில் மீட்டர்கேஜ் வண்டி பிடிக்க வேண்டும். மேற்கே போனால் சேலம் அரசு கலைக் கல்லூரி. கிழக்கே போனால் விருத்தாசலம், அங்கிருந்து கடலூர் வழியாகச் சிதம்பரம், 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். ஹாஸ்டல் சாப்பாட்டையும் பரீட்சைக்கு முந்தின ராத்திரியையும் பேரனிடம் சொன்னால் கொட்டாவி விடுவான். கூடப் படித்தவரிடம் சொன்னால், ‘அன்றைக்கு ரசத்தில் உப்பே இல்லையே’ என்று அவர் எடுத்துக் கொடுப்பார்.

குசேலர் எதற்காகப் போனார்? வீட்டில் பட்டினி. மனைவி சொல்லித்தான் புறப்பட்டார். அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிய அவலைக் கந்தலில் முடிந்துகொண்டு போனார். போன இடத்தில் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது கண்ணன்தான்: ‘எனக்கு வீட்டிலிருந்து என்ன கொண்டுவந்தாய்?’ வெட்கப்பட்டு மறைத்த முடிச்சைப் பிடுங்கித் தின்றான். மறுநாள் குசேலர் வெறுங்கையோடு திரும்புகிறார். வழி முழுக்கச் சந்தோஷம். ‘காசு கொடுத்தால் இவன் நம்மை மறந்துவிடுவான் என்றுதான் கொடுக்காமல் விட்டிருக்கிறான், எவ்வளவு கருணை’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போகிறார். வீடு மாளிகையாகியிருந்தது அவருக்குத் தெரியாது. அந்த நடையில் இருந்த சந்தோஷம் மாளிகையால் வந்தது இல்லை.

இதே மாதிரி இன்னொரு ஏழை, ராஜாவாகிவிட்ட தன் சகமாணவனைப் பார்க்கப் போனார். துரோணர். பரத்வாஜர் ஆசிரமத்தில் கூடப் படித்த துருபதன், ‘நான் ராஜாவானால் பாதி உனக்கு’ என்று பிள்ளைப் பருவத்தில் சொல்லியிருந்தான். குழந்தை அசுவத்தாமனுக்குப் பால் இல்லை. மாவைக் கரைத்துக் கொடுத்துப் பால் என்று ஏமாற்றுகிறார்கள். மனம் வெந்து துரோணர் போனார். துருபதன், ‘சமமானவர்களுக்குள்தான் சிநேகம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டான். அவன் செய்தது பெரிய பாவம், சந்தேகமே இல்லை. ஆனால் துரோணர் அதை விடவில்லை. சீடர்களை வளர்த்து, அவர்களை விட்டே துருபதனைக் கட்டி இழுத்து வரச்செய்து, பாதி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டார். துருபதன் துரோணரைக் கொல்ல ஒரு பிள்ளை வேண்டுமென்று யாகம் செய்தான். குருக்ஷேத்திரத்தில் பதினைந்தாம் நாள் துருபதனைத் துரோணர் கொன்றார். அதே நாளில் அந்தப் பிள்ளை திருஷ்டத்யும்னன் கையால் துரோணரும் மாண்டார். ஒரே பாடம் படித்த இரண்டு பேரும் ஒரே நாளில் போனார்கள், பகையோடு.

அறுபதாம் கல்யாணத்துக்கு அவன் வரவில்லை, நான் மட்டும் ஏன் அவன் பெண் கல்யாணத்துக்குப் போனேன் என்று கணக்கு வைத்திருப்பவர்கள் நம்மிலும் உண்டு. எழுபத்தைந்து வயசில் அந்தக் கணக்கை யாரிடம் கொடுத்து வசூல் பண்ணப் போகிறோம்?

சரி, நம் மாவட்டத்துக் கதைக்கு வருவோம். திருநாவலூர் உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில், நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது. சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த மண். அவருக்குச் சிநேகிதர் சேரமான் பெருமாள், கொடுங்கோளூரில் இருந்து ஆண்டவர். கூடப் படித்தவர்கள் இல்லை, முகமே பார்த்ததில்லை. சேரமான் தினமும் பூஜை முடிக்கும்போது நடராஜப் பெருமானின் சிலம்பு ஒலி காதில் விழும். ஒருநாள் விழவில்லை. என்ன பிழை செய்தேனோ என்று உடைவாளை உருவி மார்பில் நாட்டப் போய்விட்டார்! அப்போது சிலம்பு ஒலித்தது. ‘தில்லையில் சுந்தரன் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தோம், அதனால் தாமதம்’ என்றார் சுவாமி. அந்த ஒரு செய்தி போதும். சேரமான் ராஜ்யத்தை விட்டுவிட்டுத் தில்லைக்கும், அங்கிருந்து திருவாரூருக்கும் புறப்பட்டு வந்துவிட்டார்.

நம்முடைய வாட்ஸ்அப் குழுக்களில் விடிந்ததும் வருகிற ‘காலை வணக்கம்’ இருக்கிறதே, அதைக் கேலி செய்கிறவர்கள் நிறைய. நான் செய்யமாட்டேன். அது சிலம்போசை. ஒரு பெரியவர் தினமும் ஆறரை மணிக்குக் குழுவில் முருகன் படம் போடுவார். ஒருநாள் வரவில்லை. எட்டு மணிக்குள் நாலு பேர் போன் பண்ணினார்கள், எடுக்கவில்லை. ஆத்தூரிலிருந்து ஒருவர் பஸ் ஏறியே வந்துவிட்டார். வந்து பார்த்தால் மனிதர் திண்ணையில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருக்கிறார். போன் கீழே விழுந்து உயிரை விட்டிருந்தது. பேரன் ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். வந்தவரைத் திட்டி, உட்காரவைத்து, மத்தியானச் சாப்பாடு போட்டு, நாலு மணிக்குத்தான் விட்டார்கள்.

சேரமானும் சுந்தரரும் சும்மா உட்கார்ந்து பேசவில்லை. சேர்ந்து வேதாரண்யம் போனார்கள், மதுரை போனார்கள், குற்றாலம், நெல்வேலி, ராமேஸ்வரம் போனார்கள். திருவையாற்றுக்கு எதிரே வந்தபோது காவிரியில் வெள்ளம். ஐயாற்றுப் பெருமானைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை சேரமானுக்கு. சுந்தரர் பாட, வெள்ளம் விலகி வழிவிட்டது. கூட வந்தவன் ஆசைப்பட்டதற்காகப் பாடினார் பாருங்கள். நீங்கள் காசிக்குப் போனால், முட்டி வலியால் வரமுடியாத சிநேகிதருக்கு அங்கிருந்தே கங்கையைக் காட்டுங்கள். சாப்பிட்ட தோசையின் படம் வேண்டாம், அதற்கு மோட்சம் கிடைக்காது.

பிறகு சுந்தரர் இரண்டு முறை சேரநாடு போனார். இரண்டாம் முறை திருவஞ்சைக்களத்தில் இருக்கும்போது அவரை அழைத்துப் போகக் கயிலையிலிருந்து வெள்ளை யானை வந்தது. ஏறும்போது சேரமானை நினைத்தார். போன் இல்லை, ஓலை இல்லை. சேரமான் உணர்ந்துகொண்டார். குதிரையின் காதில் ஐந்தெழுத்தை ஓதினார்; அது வானத்தில் எழும்பி, யானையை வலம் வந்து, அதற்கு முன்னே ஓடியது. கயிலை வாசலில் சேரமானுக்கு மட்டும் தடை. அழைப்பு அவருக்கு இல்லையே! சுந்தரர் உள்ளே போய் முதலில் கேட்டதே சிநேகிதருக்காகத்தான்: ‘சேரமான் வாசலில் நிற்கிறார்.’ அழைத்துவரச் சொன்ன சுவாமி புன்சிரிப்போடு, ‘கூப்பிடாமல் ஏன் வந்தாய்?’ என்று கேட்டார். ‘யானைக்கு முன்னே வந்தேன், உன் கருணை வெள்ளம் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. ஒரு உலா பாடியிருக்கிறேன், கேட்க வேண்டும்’ என்றார் சேரமான். அங்கேயே அரங்கேறியது திருக்கயிலாய ஞான உலா. அதைக் கேட்ட மாசாத்தனார்தான் பூமிக்குக் கொண்டுவந்து திருப்பிடவூரில் வெளியிட்டார். திருச்சிக்குப் பக்கத்துத் திருப்பட்டூர்தான் அது.

சுந்தரரும் சேரமானும் கயிலை போன ஆடிச் சுவாதிக்குத் தமிழ்நாட்டிலிருந்து அடியார்கள் திருவஞ்சைக்களத்துக்குப் போகிறார்கள். உடம்புக்கு முடிகிறவர்கள் குழுவில் சொல்லி, சேர்ந்து போய் வாருங்கள். முடியாதவர்களுக்குத் திருநாவலூர் இருக்கிறது, காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். நாளைக்குத் திருக்கோவலூர் இடைகழியில் மழைக்கு ஒதுங்கிய மூன்று ஆழ்வார்களைப் பார்ப்போம்.