புளித்த மாவும் பிசைந்த கையும்

உணவின் தூய்மை உணவுப் பொருளிலேயே இருக்கிறதா, அல்லது அதைச் சமைத்த கையைப் பொறுத்ததா என்பது இந்தியச் சமய மரபுகள் நெடுங்காலமாகச் சுமந்துவரும் கேள்வி. ஈஸ்ட் சேர்த்துச் செய்யும் ரொட்டியும் பன்னும் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாதபடி எழுப்புகின்றன. ஏனெனில் அவற்றுக்கான மாவு புளித்தே ஆக வேண்டும், ஒருவரது வெறுங்கை அதை நெடுநேரம் பிசைந்தும் ஆக வேண்டும். கோலார் தங்கவயலின் நந்திதுர்க் போன்றதோர் ஊரில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளான லைன்களில் குடியேறிய தமிழர்களின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது, இது சமையலோடு நின்றுவிடும் கேள்வி அல்ல என்பது விளங்கும்.

வீட்டில் பர்கர் பன் செய்பவர் 500 கிராம் மைதாவுக்கு ஏறத்தாழ 7 கிராம் உலர் ஈஸ்ட்டை வெதுவெதுப்பான பாலில் கரைத்து, சர்க்கரை, உப்பு, வெண்ணெய் சேர்த்துப் பிசைகிறார். தொடக்கத்தில் விரல்களில் ஒட்டிக்கொண்டு அறுந்து வரும் மாவு, பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் பிசைந்த பிறகு வழவழப்பாகி, ஒரு துண்டைக் கிள்ளி மெல்ல இழுத்தால் கிழியாமல் மறுபுறத்து வெளிச்சம் தெரியுமளவு சவ்வாக விரிகிறது. கோதுமையின் புரதங்கள் நீரோடு சேர்ந்து பின்னும் இந்த வலைக்குக் குளூட்டன் என்று பெயர். ஈஸ்ட் என்பது ஒற்றைச் செல் பூஞ்சை. அது சர்க்கரையை உண்டு வெளியிடும் கரியமில வாயு இந்த வலையில் சிக்கிக்கொள்வதால்தான் மாவு உப்புகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்திலுள்ள தங்கவயலில் மார்கழிக் குளிரின்போது மாவு உப்ப அதிக நேரம் எடுக்கும். அங்கே அவசரப்படுவதில் பயனில்லை.

இந்தப் புளிப்பைச் சமய நூல்கள் ஐயத்தோடுதான் பார்த்தன. மனுநூலின் ஐந்தாம் அத்தியாயம் புளித்துப்போனவற்றை விலக்குகிறது. ஆயினும் தயிரையும் தயிரிலிருந்து வருவனவற்றையும் அந்த விலக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. கீதையின் பதினேழாம் அத்தியாயம் நாட்பட்டுச் சுவை கெட்ட உணவைத் தாமச குணத்தாருக்கு, அதாவது மந்தமும் அறியாமையும் மேலோங்கியோருக்கு, உரியதாக வைக்கிறது. ஆனால் புளிக்கவைத்த மாவில் அவித்த இட்லி காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்கே நிவேதனமாகிறது. ஆகவே, நடைமுறையில் புளிப்பு மட்டுமே விலக்குக்குக் காரணமாக இருந்ததில்லை.

கிறித்தவத்திலும் இதே தடுமாற்றம் உண்டு. பவுலின் நிருபத்தில் புளித்த மா தீமைக்கு உருவகமாக வருகிறது. நற்செய்தியிலோ ஒரு பெண் மூன்று படி மாவில் அடக்கிவைத்த புளித்த மா விண்ணரசுக்கே உவமையாகிறது. நற்கருணைக்குரிய அப்பம் புளித்ததா, புளிக்காததா என்ற சர்ச்சை 1054ஆம் ஆண்டில் கிழக்கு, மேற்குத் திருச்சபைகளிடையே ஏற்பட்ட பிளவின்போது பெரிதாக வெடித்தது. ரோமன் கத்தோலிக்கர் இன்றும் புளிக்காத கோதுமை அப்பத்தையே பயன்படுத்த, ஆங்கிலிக்கர்களின் 1662ஆம் ஆண்டு வழிபாட்டு நூல் வழக்கமாக உண்ணும் கோதுமை ரொட்டியே போதும் என்கிறது. ஆனால் இந்தச் சர்ச்சையில் எங்குமே மாவைப் பிசைந்தவரின் பிறப்பு கேள்வியாகவில்லை.

இந்தியாவில் அதுவே முதற்கேள்வியாக இருந்தது. ஹாசனிலிருந்து வந்த எச்.எஸ். திருமலாச்சார் என்ற ஐயங்கார் 1898இல் பெங்களூர் சிக்பேட்டையில் பெங்களூர் பிராமின்ஸ் பேக்கரியைத் தொடங்கினார். ரொட்டி சுடும் முறையை அவர் ஓர் ஆங்கிலேயரிடம் கற்றதாகச் சொல்லப்படுகிறது. முட்டை சேர்க்காதது அந்த மரபின் அடையாளமானது. முட்டையைத் தவிர்த்தது பொருள் பற்றிய ஒழுக்கம், அதை மதிக்கலாம். ஆனால் மைதாவும் ஈஸ்டும் அடுப்பின் வெப்பமும் மாறவில்லை. அதுவரை ரொட்டியைத் தொடத் தயங்கிய ஆசாரக் குடும்பங்களுக்குக் கடையின் பெயர் தந்த உறுதி, பிசையும் கை யாருடையது என்பதைப் பற்றியது. மாவின் மேல் சுமத்தப்பட்டிருந்த தீட்டில் பெரும்பகுதி அதைப் பிசைந்தவர் மேல் சுமத்தப்பட்ட தீட்டே என்ற முடிவுக்கு இங்கே வராமல் இருக்க முடியாது. ஐரோப்பியர் வீட்டுச் சமையற்கட்டுகளில் ரொட்டி சுட்டவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதையும் உடன் சேர்த்தே எண்ண வேண்டும்.

தங்கவயலின் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் அத்தகையோரே. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே கால்வைத்த பின், வட ஆற்காடு, சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து வந்து நந்திதுர்க், சாம்பியன் ரீஃப், உரிகம் சுரங்கங்களில் இறங்கியவர்களின் கை எடுத்த தங்கத்தில் எவரும் தீட்டுக் கண்டதில்லை. அதே கை தொட்ட சோற்றில் மட்டும் கண்டார்கள். தமிழ்ப் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் தொடங்கிய சாக்கிய பௌத்த இயக்கம் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியதற்கு இந்த அநீதி ஒரு முக்கியக் காரணம். மேன்மையும் கீழ்மையும் பிறப்பால் அல்ல, செயலால் வருவன என்ற புத்தரின் போதனையை, 1907இல் தொடங்கிய தம் இதழின் வழியாக அவர் தமிழில் நிலைநிறுத்தினார். எந்தப் பொருளும் தனக்கென மாறாத இயல்பு கொண்டதல்ல, காரணங்களின் சேர்க்கையாலேயே தோன்றுகிறது என்பது பௌத்தம் ‘சார்ந்து தோன்றுதல்’ என்ற பெயரில் விளக்கும் தத்துவம். மாவும் ஈரமும் வெப்பமும் உழைப்பும் கூடும்போது பன் உண்டாகிறது. இவற்றுள் எதிலும் சாதி என்றொரு கூறு கிடையாது. கை அழுக்காயிருந்தால் கழுவிவிடலாம். அழுக்கைப் பற்றிக் கேட்பதும் நியாயமே.

சமணரின் மறுப்பு இதிலிருந்து அடிப்படையிலேயே வேறானது. நுண்ணுயிர்களுக்கும் உயிர்மதிப்பு உண்டென்று கொள்ளும் அவர்களில் விரதம் காப்போர் ஈஸ்ட் சேர்ந்த ரொட்டியைத் தவிர்க்கின்றனர். ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே ஈஸ்ட் செல்கள் மடிந்துவிடும் என்பதால், அவர்களது அச்சம் வெறுங்கற்பனை அன்று. பிசைந்தவர் யாராக இருந்தாலும் இந்த மறுப்பு மாறுவதில்லை என்பதே அதன் நேர்மைக்குச் சான்று. கையைப் பற்றிய வாதம் எதுவும் இதற்குப் பதிலாகாது. அத்தகைய அண்டை வீட்டாரிடம் பன்னை வற்புறுத்தாமல், அதே கையால் கோதுமை மாவைப் பிசைந்து, ஈஸ்ட் இல்லாத சப்பாத்தியைச் சூடாக இட்டுத் தருவதே தகும்.