விழுந்துபோன ஒரு கண்ணி
(வேதபகுதி: லூக்கா 15:4)



கம்பளி நூலால் பிள்ளைகளுக்குக் கையிலே கவுன் பின்னுகிறதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழே இருக்கிற கண்ணியைப் பிடித்துக்கொண்டிருக்கும். என் மனைவி ஒரு வரிசை முடிந்ததும் கண்ணிகளை எண்ணுவாள். 100 இருக்கவேண்டிய இடத்தில் 99 என்றால் அடுத்த வரிசைக்குப் போகவே மாட்டாள். "ஒண்ணுதானே?" என்று கேட்டேன். "இப்போ ஒண்ணுதாங்க. இழுபட்டா கீழே வரைக்கும் ஓடிடும்" என்றாள்.

ஆம், ஊசியிலிருந்து நழுவின கண்ணி வரிசை வரிசையாய் அவிழ்ந்து இறங்கும்; அந்த இடம் ஏணி மாதிரி ஆகிவிடும். அதற்காகக் கவுன் முழுவதையும் பிரிக்கவேண்டுமா? வேண்டாம். கொக்கி ஊசியை விழுந்த கண்ணிக்குள் விட்டு, மேலேயிருக்கிற நூலை இழுத்து, படிப்படியாய் ஏற்றி, மறுபடியும் பின்னல் ஊசியில் மாட்டிவிடலாம். நூல் அறுந்துபோகவில்லையே! அல்லேலூயா!

உங்கள் சபையில் யாராவது சில வாரமாய் வரவில்லையா? கடன் பாரமோ, குடியோ, யாரோ சொன்ன கசப்பான வார்த்தையோ? "அவர் பின்வாங்கிப்போயிட்டார்" என்று பேசிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடாதிருங்கள். அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிற மனைவி பிள்ளைகளும் அவரோடு அவிழ்ந்துபோவார்கள்.

இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போங்கள். பிரசங்கம் பண்ணவேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து ஜெபியுங்கள். ஒரே நாளில் ஏறிவரமாட்டார், படிப்படியாய்த்தான் வருவார். பொறுமையாயிருங்கள்.

நல்ல மேய்ப்பர் 99 போதும் என்று இருந்துவிடவில்லை. நாமும் இருந்துவிடக்கூடாது. ஆமென்.