காற்றின் கொடையும் தேவையின் எல்லையும்

இல்லறத்தில் இருப்போர் ஓரறிவுயிர்க்குச் சிறிதும் ஊறு செய்யாது வாழ்தல் இயலாது என்பதை நம் ஆன்றோர் நன்குணர்ந்திருந்தனர். நிலம், நீர், நெருப்பு, காற்று ஆகியவற்றையே உடலாகக் கொண்ட உயிர்களும் மரஞ்செடிகளும் நம் அடுப்பாலும் ஏராலும் தொழிலாலும் துன்புறுகின்றன. ஆதலின் துறவியர்க்கு மாவிரதமும் இல்லறத்தார்க்கு அணுவிரதமும் வகுத்தனர். முற்றும் விலக்க இயலாததை அளவுக்குள் நிறுத்துதலே இல்லறத்தாரின் நோன்பு.

இக்காலத்தில் ஒரு கூற்று பரவி வருகின்றது. "காற்றினின்றும் கதிரவனிடமிருந்தும் பெறும் மின்சாரம் தூயது, அதனை எவ்வளவு துய்ப்பினும் பாவமில்லை" என்பர். இஃது அறத்தொடு பொருந்துமா?

விசயமங்கலம் சினாலயத்தால் சமணம் தழைத்த சிறப்பினைப் பெற்ற கொங்குநாட்டிலேயே இதற்கு விடை தேடலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீசும் உடுமலை, பல்லடம் பகுதிகளில் காற்றாலைகள் நிறைந்துள்ளன. அவற்றுட் பல நூற்பாலைகளுக்கும் பின்னலாடை நிறுவனங்களுக்கும் உரியவை. உடுமலைப்பேட்டையை அடுத்த மைவாடியில் 2006-இல் நிறுவப்பெற்ற 350 கிலோவாட் காற்றாலையோ தனியார் உடைமையன்று. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில் அதனை அமைத்தது. அதில் ஏறத்தாழ 40 இலட்சம் ஊராட்சியின் சேமிப்பு; எஞ்சியது வங்கிக் கடன். அந்நாளில் தலைவராயிருந்த திரு. ஆர். சண்முகம் இம்முயற்சியை முன்னின்று நடத்தினார். ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 இலட்சம் யூனிட் கிடைக்க, ஊரின் தேவை 4.5 இலட்சம் யூனிட் என்று கணக்கிட்டனர். மிஞ்சிய மூன்றில் ஒரு பங்கு மின்வாரியத்துக்கு விற்கப்பெற்றது.

இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. எனினும் இது முற்றும் தீங்கற்றதா? இரும்பும் செம்பும் நிலத்தை அகழ்ந்தே பெறப்படுகின்றன. சுழலும் இறக்கைகளில் பறவைகளும் வௌவால்களும் மோதி மடிதல் உண்டு. காற்றே உயிர்களுக்கு உடல் என்பது நம் கொள்கை. நெய்வேலியில் நிலத்தை அகழ்ந்து பழுப்பு நிலக்கரியை எரிப்பதனோடு ஒப்பிடின் இத்தீங்கு மிகக் குறைவு, ஐயமில்லை. ஆயினும் குறைவானது வேறு, இல்லாதது வேறு. ஒன்றை மற்றொன்றாகக் கொள்வதே மயக்கம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. காற்றாலை தரும் மின்சாரம் பொதுக் கம்பித் தொடரில் கலந்துவிடுகின்றது. ஆனி, ஆடியில் வீசும் காற்று தை, மாசியில் இல்லை. பருவத்தில் ஈந்த யூனிட்டுகளைக் கணக்கில் வைத்துப் பின்னர்ப் பெறும் முறை நம் மாநிலத்தில் நெடுங்காலம் வழங்கியது. அவ்வாறு தை மாதத்து நள்ளிரவில் பொறிகளை இயக்குவோர் "இஃது என் காற்றாலை மின்சாரம்" என்பது ஏட்டுக் கணக்கே. அந்நேரத்தில் கம்பியில் வருவதில் பெரும்பங்கு அனல் மின்சாரமே. ஏட்டில் நேர் செய்யப்பட்டதனால் தீங்கு நேராகிவிடாது.

தீங்கு இடம் மாறுதலையும் திருப்பூர் நமக்குக் கற்பித்துள்ளது. சாயக்கழிவால் நொய்யல் கெட்டது; 1992-இல் திறக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை உழவர்க்குப் பயன்படாது போயிற்று. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பின்னர்க் கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாது தூய்மை செய்யும் முறை நிலைபெற்றது. அது வேண்டிய சீர்திருத்தமே. ஆனால் அந்நீரைச் சவ்வுகளில் அழுத்தி வடிக்கவும், எஞ்சியதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கவும் மின்சாரமும் எரிபொருளும் மிகுதியாக வேண்டும். ஆற்றின் துன்பம் ஓரளவு நெருப்புக்கும் காற்றுக்கும் மாறிற்று. எனவே எத்துணை நூல் சாயமேற்ற வேண்டும் என்ற வினாவை எந்தப் பொறியும் நமக்காகத் தீர்த்துவிடாது.

"ஆலைகள் ஓடாவிடில் தொழிலாளர் குடும்பங்கள் வாடுமே" எனின், அவ்வினா நியாயமானதே. வாழ்வுக்கான தொழிலில் நேரும் தீங்கை நம் நெறி வேண்டுமென்றே செய்யும் கொலையோடு ஒன்றாகக் கருதுவதில்லை. ஆனால் தொழிலுக்கு வேண்டியது எது, பெருமைக்கு வேண்டியது எது என்று பிரித்தறியும் கடமையிலிருந்து அது எவரையும் விடுவிப்பதில்லை. பயனற்ற தீங்கை விலக்கும் விரதம் இவ்விடத்தே பொருந்துவது. ஆளில்லா அறையில் எரியும் விளக்குக்கு எந்தத் தொழிலாளியின் பெயரையும் சாற்றவியலாது.

ஓடந்துறையின் சிறப்பு அதன் இறக்கைகளில் இல்லை. ஊரின் தேவை இவ்வளவு என்று முதலில் அளந்தமையில் உள்ளது. அளந்தமையாலேயே மிகுதி எது என்று தெரிந்தது. மிகுதி பிறர்க்குச் சென்றது. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் பொன்னையும் நிலத்தையும் மட்டும் அளப்பதன்று. நம் வீட்டு மின்மானியையும் அளக்க வல்லது. கூரையில் கதிரொளித் தகடு பதிக்க எண்ணும் குடும்பத்தார், முதலில் தம் தேவையை எழுதி வரம்பு செய்துகொள்ளல் நலம். தகடு தீங்கைக் குறைக்கும். விரதம் ஆசையைக் குறைக்கும். பின்னது இன்றேல், முன்னது குறைத்ததை ஆசை மீண்டும் நிரப்பிவிடும்.