என் முறை

கைப்பேசியில் ஆடும் பத்து நிமிடச் சதுரங்கத்தில் ஆளுக்குப் பத்து நிமிடம்தான். என் முறை வந்ததும் என் கடிகாரம் ஓடத் தொடங்கும், யாருக்காகவும் நிற்காது. நடுவில் அடுப்பை அணைக்க எழுந்து போனால் அந்த நேரமும் என் கணக்கில்தான் கழியும். யாருக்கும் எந்தப் பயனும் தராத அந்த இருபது நிமிடத்துக்காக ‘இப்போது வர முடியாது’ என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டா?

நம் பெண்களுக்கென்று இருந்த விளையாட்டுகள் இந்தக் கேள்வியை எழுப்பியதில்லை. பல்லாங்குழியைப் பாதியில் விட்டுப் போகலாம். சோறு வடித்துவிட்டு வரும்வரை சோழிகள் குழியிலேயே கிடக்கும். தாயமும் அப்படித்தான். குறுக்கிடத் தோதான விளையாட்டுகளையே வீடு பெண்களுக்கு அனுமதித்தது என்று தோன்றுகிறது.

சதுரங்கம் ஆடிய பெண்ணுக்கோ ஒரு காரணம் வேண்டியிருந்தது. நீடாமங்கலம் அருகே பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது. அரசன் மகளை ஆட்டத்தில் வெல்பவருக்கே அவளை மணமுடிப்பது என்று ஏற்பாடு. முதியவராக வந்த சிவன் வென்றார் என்கிறது தலக்கதை. யாராலும் வெல்ல முடியாமல் அவள் ஆடிய நாட்கள் அவளுக்கு எப்படி இருந்தன என்பதில் கதைக்கு அக்கறையில்லை. இன்று கல்யாணத்தின் இடத்தில் பதக்கம். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட்டில் நம் பெண்கள் அணி வெண்கலம் வென்றது. ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடினார். 2023 டிசம்பரில் சென்னையின் வைஷாலி 2500 புள்ளிகளைக் கடந்து கிராண்ட்மாஸ்டர் தகுதி பெற்றார். மகிழ்ச்சிதான். ஆனால் நாற்பதைத் தாண்டிய, சுமாராக ஆடுகிற ஒருத்தி? ‘ஞாபகசக்திக்கு நல்லதாமே’ என்று தோழிகள் எனக்காக வாதாட வருகிறார்கள். அந்த வக்காலத்து வேண்டாம். பிடித்திருக்கிறது, ஆடுகிறேன்.

திருப்பாலைவனத்தைத் தாண்டினால் பழவேற்காடு ஏரி. அங்கே மீனவக் குப்பங்களில் ‘பாடு’ என்றொரு வழக்கம் உண்டு. இறால் கிடைக்கும் இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். ஒருவர் முறையில் இன்னொருவர் நுழையக் கூடாது. அழகான ஏற்பாடு. ஆனால் தலைக்கட்டு ஆணின் பெயரில்; கூடை சுமந்து விற்கப் போகும் பெண்ணுக்கு ஏரியில் பாடு கிடையாது, அன்றாடப் பாடு மட்டும் உண்டு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்.

என் முறை என்று நான் உட்கார்ந்திருக்கும்போது அடுப்பை அணைப்பது யார் என்பதையும் கேட்டாக வேண்டும். மகளோ மாமியாரோ என்றால் நான் ஆடுவது இன்னொருத்தியின் நேரத்தில். இதற்காக எங்கள் வீட்டில் சண்டையே நடந்திருக்கிறது. இப்போது அணைப்பவர் என் கணவர்.

சென்ற மாதம் ஓர் ஆட்டம். எதிரே யாரென்று எனக்குத் தெரியாது. நான் பெண் என்று அவருக்கும் தெரியாது. வெள்ளை எனக்கு. காய்களெல்லாம் வெட்டுப்பட்டு, என்னிடம் ராஜாவும் நடுச் சிப்பாய் ஒன்றும், அவரிடம் ராஜா மட்டும். என் ராஜா ஐந்தாம் வரிசையில், அதை ஒட்டிப் பின்னால் சிப்பாய். ஒரு கட்டம் இடைவெளி விட்டு இரண்டு ராஜாக்களும் நேருக்கு நேர். இந்த நிலையில் என் முறையாக இருந்தால் ஆட்டம் சமன். அவர் முறையாக இருந்தால் அவர் வழிவிட்டே ஆகவேண்டும். மூன்று நகர்த்தலுக்கு முன்பே இதை எண்ணி, ராஜாவை நேரே கொண்டுபோகாமல் சற்றுச் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். அந்த நகர்த்தல்களின்போது என் மனம் முழுக்க ஒரே இடத்தில் இருந்தது. கவிதை எழுதும்போதுகூட எனக்கு அது எப்போதாவதுதான் வாய்க்கிறது.

அவர் முறை. நெடுநேரம் யோசித்தார். அவர் ராஜா பக்கவாட்டில் விலகியது. என் சிப்பாய் ராணியானதும் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். உடனே மறு ஆட்டம் கேட்டார். இந்தமுறை எனக்குக் கறுப்பு.